ஆப்பிரிக்கா ஒன்றுபட வேண்டும் என்ற குரல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால் சில கேள்விகள் தவறாமல் வந்துவிடும். "அது ஒரே நாடுதானே?" என்பதில் தொடங்கி, "ஒன்று சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன?" என்பது வரை. பல வருடங்களாக இதைப் படித்துவருகிறேன் என்பதால் நண்பர்கள் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அந்தக் கண்டம் ஒன்றுபட்டு எழ வேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

ஒற்றுமை ஒற்றுமை என்கிறார்களே, சரியாக எதைக் கேட்கிறார்கள்?

ஒரே சொல்லுக்குள் மூன்று கோரிக்கைகள் இருக்கின்றன. ஒரே அரசு, ஒரே ராணுவம், ஒரே நாணயம் என்று முழு இணைப்பைக் கேட்பவர்கள் ஒரு பக்கம். நாடுகள் தனித்தனியாகவே இருக்கட்டும், சரக்கும் ஆளும் தடையில்லாமல் போய்வர வழி செய்தால் போதும் என்பவர்கள் இன்னொரு பக்கம். உலக மேடையில் ஒரே குரலாகப் பேசினாலே பெரிய விஷயம் என்பவர்கள் மூன்றாவது. ஆப்பிரிக்க ஒன்றியத்தில் இன்று 55 உறுப்பு நாடுகள் இருக்கின்றன. இந்த மூன்றில் எது வேண்டும் என்பதில் அவர்களுக்குள் இன்றுவரை முடிவு வரவில்லை.

இந்தக் குரல் முதலில் எங்கே எழுந்தது?

ஆப்பிரிக்காவுக்கு வெளியே. 1900-ல் லண்டனில் முதல் அகில ஆப்பிரிக்க மாநாட்டைக் கூட்டியவர் ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ் என்ற வழக்கறிஞர். அவர் கரீபியன் தீவான டிரினிடாட்டைச் சேர்ந்தவர். அமெரிக்காவிலிருந்து கறுப்பினச் சிந்தனையாளர் டூ போய்ஸ் வந்து கலந்துகொண்டார்.

ஏன் வெளியே? யோசித்தால் புரியும். கண்டத்துக்குள் இருப்பவருக்குத் தன் ஊர் தெரியும், குலம் தெரியும், மொழி தெரியும். அவர் யொரூபா, கிகூயூ, வோலோஃப் என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எந்த ஊர், எந்த மொழி என்ற எதுவுமே மிஞ்சவில்லை. அவர்களுக்குச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள முழுக் கண்டம்தான் இருந்தது. பறிகொடுத்தவர்களிடமிருந்துதான் 'நாமெல்லாம் ஒன்று' என்ற எண்ணம் வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

ஜமைக்காவின் மார்க்கஸ் கார்வி 1919-ல் 'பிளாக் ஸ்டார் லைன்' என்று கறுப்பின மக்களின் பணத்திலேயே ஒரு கப்பல் கம்பெனி தொடங்கினார். சில வருடங்களில் அது நொடித்துப்போனது. ஆனால் அந்தக் கறுப்பு நட்சத்திரம் 1957-ல் கானாவின் கொடியில் நடுநாயகமாக வந்து அமர்ந்தது. கானாவின் கால்பந்து அணிக்கு இன்றும் 'பிளாக் ஸ்டார்ஸ்' என்றுதான் பெயர்.

1945 அக்டோபரில் மான்செஸ்டரில் நடந்த ஐந்தாவது மாநாட்டில்தான் காற்று திசை மாறியது. கானாவின் குவாமே நிக்ரூமா, கென்யாவின் ஜோமோ கென்யாட்டா ஆகியோர் அங்கே இருந்தார்கள். அதுவரை மனு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், அங்கிருந்து திரும்பிப்போய் விடுதலை இயக்கம் நடத்தினார்கள்.

எல்லைகளை வெள்ளைக்காரர்கள் போட்டது என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. 1884 நவம்பரிலிருந்து 1885 பிப்ரவரி வரை பெர்லினில் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி, ஆப்பிரிக்காவில் யார் எப்படி இடம் பிடிக்கலாம் என்பதற்கு விதி எழுதின. அந்த மேசையில் ஓர் ஆப்பிரிக்கர்கூட இல்லை. எல்லாக் கோடுகளும் அந்த அறையிலேயே போடப்பட்டவை என்று சொல்வது மட்டும் சரியில்லை. பல கோடுகள் அடுத்த சில வருடங்களில், இரண்டிரண்டு நாடுகளுக்குள் ஒப்பந்தம் போட்டு இழுக்கப்பட்டவை.

காம்பியாவை வரைபடத்தில் பாருங்கள். ஓர் ஆறு, அதன் இரு கரையிலும் ஒட்டினாற்போல ஒரு துண்டு நிலம். அதிகபட்ச அகலமே 50 கிலோமீட்டருக்குள். கடல் பக்கம் தவிர எல்லாப் பக்கமும் செனகல். ஆறு பிரிட்டிஷ்காரர்களுக்கு, சுற்றியுள்ளது பிரெஞ்சுக்காரர்களுக்கு என்று பங்கு போட்டதன் விளைவு இது. இரு பக்கமும் அதே மண்டிங்கா, அதே வோலோஃப் மக்கள். ஒரு வீட்டுப் பிள்ளை பள்ளியில் ஆங்கிலம் படிக்கிறது, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியப்பா வீட்டுப் பிள்ளை பிரெஞ்சு படிக்கிறது. செனகலின் வடக்கிலிருந்து தெற்கே போகிற லாரிகள் ஃபராஃபென்னியில் படகுக்காகக் காத்துக் கிடக்கும். அங்கே ஒரு பாலம் வர 2019 ஆகிவிட்டது.

கண்டத்தில் கடலே இல்லாத நாடுகள் மட்டும் 16. துறைமுகத்துக்குப் போகப் பக்கத்து நாட்டின் தயவு வேண்டும்.

சுதந்திரம் வாங்கியதும் அந்தக் கோடுகளை அழித்திருக்கலாமே?

தொட்டால் ரத்தம் சிந்தும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் வீணும் இல்லை. 1963-லேயே மொராக்கோவும் அல்ஜீரியாவும் எல்லைக்காகச் சண்டை போட்டன. எத்தியோப்பியாவின் ஓகடென் பகுதியைச் சோமாலியா கேட்டுக்கொண்டிருந்தது. ஆகவே 1964-ல் கெய்ரோவில் கூடி, சுதந்திரத்தின்போது இருந்த எல்லைகளை அப்படியே ஏற்பது என்று தீர்மானம் போட்டார்கள். மொராக்கோவும் சோமாலியாவும் ஒப்புக்கொள்ளவில்லை. கோடு கிடக்கட்டும், அதைக் கடப்பதைச் சுலபமாக்குவோம் என்பதுதான் நல்ல வழி என்று எனக்கும் படுகிறது. ஆனால் அந்த இரண்டாவது பாதியை அவர்கள் செய்யாமல் விட்டுவிட்டார்கள்.

1963-ல் அடிஸ் அபாபாவில் என்ன நடந்தது?

அதற்கு முன்பே இரண்டு கோஷ்டிகள் உருவாகியிருந்தன. கானா, கினி, மாலி, எகிப்து போன்ற நாடுகள் காசாபிளாங்கா அணி. உடனே அரசியல் இணைப்பு வேண்டும் என்றார்கள். நைஜீரியா, லைபீரியா, பெரும்பாலான பிரெஞ்சு மொழி நாடுகள் மன்ரோவியா அணி. அவசரப்படாமல் போவோம் என்றார்கள். எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி இருவரையும் தன் தலைநகரத்துக்கு அழைத்தார். 1963 மே 25 அன்று 32 நாடுகள் கையெழுத்திட்டு ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு பிறந்தது. அந்த நாளைத்தான் இன்று ஆப்பிரிக்கா தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

நிக்ரூமா கேட்டது இது இல்லை. அவர் கேட்டது ஒன்றிய அரசு. கண்டம் முழுவதற்கும் ஒரே பொருளாதாரத் திட்டம், ஒரே பாதுகாப்பு, ஒரே வெளியுறவு. இப்போது சேராவிட்டால் ஒவ்வொரு நாட்டிலும் நாற்காலி, கொடி, மாளிகை என்று பழகிவிடும், பிறகு யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பது அவருடைய வாதம். தன் நாடு விடுதலை பெற்ற இரவிலேயே, முழு ஆப்பிரிக்காவும் விடுதலை பெறாவிட்டால் கானாவின் சுதந்திரத்துக்கு அர்த்தம் இல்லை என்று சொன்னவர் அவர். கினி 1958-ல் பிரான்சின் கீழ் தொடர்வதற்கு 'வேண்டாம்' என்று வாக்களித்துவிட்டு நிராதரவாக நின்றபோது, ஒரு கோடி பவுண்டு கடன் கொடுக்க முன்வந்ததும் அவர்தான்.

தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே படிப்படியாகப் போவோம், முதலில் பக்கத்து நாடுகள் சேரட்டும் என்றார். நிக்ரூமாவை விரும்புகிறவர்கள் சிலர் நைரேரேயை வில்லனாக்கிவிடுகிறார்கள். அது நியாயம் இல்லை. கென்யாவும் உகாண்டாவும் சேர்ந்து வருவதானால், தன் நாட்டின் சுதந்திரத்தையே சில மாதம் தள்ளிப்போடத் தயார் என்று 1960-ல் சொன்னவர் நைரேரே. எத்தனை தலைவர்களுக்கு அந்த மனசு வரும்? 1964 ஏப்ரலில் தாங்கனிகாவையும் சான்சிபாரையும் இணைத்துத் தான்சானியாவாக்கினார். அன்று நடந்த இணைப்புகளில் இன்றுவரை நிலைத்திருக்கும் சிலவற்றில் அது ஒன்று.

என் கணிப்பைக் கேட்டால், நோயைச் சரியாகச் சொன்னவர் நிக்ரூமா, மருந்தின் அளவைச் சரியாகச் சொன்னவர் நைரேரே. நாற்காலியை விடமாட்டார்கள் என்று நிக்ரூமா சொன்னது அப்படியே பலித்தது. ஆனால் அவரே தன் நாட்டை ஒரு கட்சி ஆட்சியாக்கி, எதிர்த்தவர்களை விசாரணையில்லாமல் சிறையில் வைத்தார். இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். 1966 பிப்ரவரியில் ஹனோய்க்குப் போகும் வழியில் இருந்தபோது ராணுவம் அவர் ஆட்சியைக் கவிழ்த்தது. 1972-ல் ருமேனியாவில் உயிர்விட்டார்.

அக்ராவில் அவர் சுதந்திரத்தை அறிவித்த பழைய போலோ மைதானத்தில் இன்று நினைவுப் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் வெள்ளையர்கள் விளையாடிய இடம் அது. அங்கே கவிழ்ப்பின்போது கூட்டம் உடைத்த வெண்கலச் சிலை ஒன்றும் நிற்கிறது. உடல் தலையில்லாமல் ஒரு பீடத்தில், தலை பக்கத்தில் தனியாக இன்னொரு பீடத்தில். ஒட்டவைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அது நல்ல முடிவு என்பேன்.

ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு ஏதாவது உருப்படியாகச் செய்ததா?

செய்தது. விடுதலைக் குழு என்று ஒன்றைத் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் வைத்து, மொசாம்பிக், அங்கோலா, ஜிம்பாப்வே, நமீபியா, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றின் போராளிகளுக்குப் பணமும் பயிற்சியும் இடமும் கொடுத்தார்கள். தாமே ஏழையாக இருந்த நாடுகள், பக்கத்து வீட்டு விடுதலைக்காகக் குண்டுவீச்சையும் வாங்கிக்கொண்டன. சாம்பியாவின் தாமிரம் வெள்ளையர் ஆண்ட ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) வழியாகப் போகவேண்டியிருந்ததை மாற்ற, சாம்பியாவும் தான்சானியாவும் சீனாவின் உதவியோடு 1,860 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டு, 1975-ல் தார் எஸ் சலாம் துறைமுகத்தோடு இணைத்தன.

ஆனால் உள்ளே இருந்த கொடுங்கோலர்களைத் தொடவில்லை. 'உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாமை' என்று ஒரு விதி இருந்தது, அதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டார்கள். 1975-ல் உகாண்டாவின் கொடுங்கோலர் இடி அமீனே அதன் தலைவராக இருந்தார். அந்த மாநாட்டுக்கு நைரேரே போகவில்லை. 1994-ல் ருவாண்டாவில் நூறு நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டபோது இந்த அமைப்பால் தடுக்க முடியவில்லை. அதற்கு அப்புறம் அது பழையபடி நீடிக்க முடியாமல் போனது.

இப்போதைய ஆப்பிரிக்க ஒன்றியம் வேறா? பெயர் மாற்றம் மட்டும்தானா?

வேறுதான். 2002 ஜூலையில் டர்பனில் தொடங்கினார்கள். அதன் சாசனத்தில் நான்காவது பிரிவு முக்கியம். இனப்படுகொலை, போர்க்குற்றம், மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் நடந்தால் உறுப்பு நாட்டுக்குள் தலையிட ஒன்றியத்துக்கு உரிமை உண்டு என்கிறது. ராணுவம் ஆட்சியைப் பிடித்தால் அந்த நாட்டை இடைநீக்கம் செய்கிறார்கள். எழுத்தில் இது பெரிய முன்னேற்றம். செயலில் பாதிதான். சூடானில் 2023 ஏப்ரலில் தொடங்கிய போரில் லட்சக்கணக்கான குடும்பங்கள் வீடு இழந்தன, ஒன்றியத்தால் அதை நிறுத்த முடியவில்லை. துப்பாக்கிச் சத்தத்தை 2020-க்குள் ஓயவைப்போம் என்று போட்ட இலக்கை 2030-க்குத் தள்ளிவைத்தார்கள்.

காரணம் பணம். ஒன்றியத்தின் திட்டச் செலவில் பெரும்பகுதி வெளியாரின் நன்கொடையில் நடக்கிறது. அடிஸ் அபாபாவில் 2012-ல் திறந்த தலைமையகக் கட்டடமே சீனா கட்டிக்கொடுத்தது. இறக்குமதியில் 0.2 சதவீதம் தீர்வை வசூலித்து நம் செலவை நாமே பார்ப்போம் என்று 2016-ல் முடிவெடுத்தார்கள். எல்லா நாடுகளும் அதை நடைமுறைப்படுத்தவில்லை. அடுத்தவர் பணத்தில் வீடு நடத்தினால் வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று நமக்குத் தெரியாதா?

'மறுமலர்ச்சி' என்ற சொல் எப்படி வந்தது?

1906-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிக்ஸ்லி கா இசாக்கா செமே என்ற ஜூலு மாணவர் ஒரு பேச்சுப் போட்டியில் பேசினார். தலைப்பு, ஆப்பிரிக்காவின் புத்துயிர்ப்பு. 'நான் ஓர் ஆப்பிரிக்கன்' என்று தொடங்கினார். முதல் பரிசு கிடைத்தது. 90 வருடம் கழித்து, 1996 மே 8 அன்று, தென்னாப்பிரிக்காவின் புதிய அரசியல் சட்டம் நிறைவேறிய நாளில், அன்றைய துணை அதிபர் தாபோ எம்பெக்கி அதே சொற்களைக் கொண்டு ஓர் உரை ஆற்றினார். அதற்குப் பின் 'ஆப்பிரிக்க மறுமலர்ச்சி' என்பது ஊரெங்கும் புழங்கும் சொல்லாகிவிட்டது.

சொல்லைவிட எனக்குப் பிடித்தது தாமஸ் சங்காராவின் சட்டை. 'அப்பர் வோல்டா' என்று பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரை 1984-ல் 'புர்க்கினா பாசோ', அதாவது நேர்மையான மக்களின் நாடு என்று மாற்றிய அதிபர் அவர். அந்த நாட்டில் பருத்தி விளைகிறது. பஞ்சாக வெளியே போய் துணியாகத் திரும்பி வரும். அரசு ஊழியர்கள் உள்நாட்டுத் தறியில் நெய்த 'பாசோ டான் ஃபனி' துணியை உடுத்த வேண்டும் என்றார், தானும் அதையே உடுத்தினார். 1987 ஜூலையில் அடிஸ் அபாபா மாநாட்டில், வாங்கிய கடனை நாம் எல்லோரும் சேர்ந்து மறுக்க வேண்டும், நான் தனியாக மறுத்தால் அடுத்த மாநாட்டுக்கு இருக்க மாட்டேன் என்று பேசினார். பேச்சின் முடிவில் தன் குழுவினர் உடுத்தியிருந்ததைக் காட்டி, இது எங்கள் விவசாயி விளைவித்து எங்கள் நெசவாளர் நெய்தது, ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ஒரு நூல்கூட வரவில்லை என்றார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 15 அன்று சுட்டுக் கொன்றார்கள். அவருக்குப் பின் 27 வருடம் ஆண்ட அவருடைய பழைய தோழர் பிளேஸ் கொம்பாவோரேவுக்கு, இந்தக் கொலைக்காக 2022-ல் அவர் இல்லாமலேயே ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அவர் சொன்னது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. முந்திரியைப் பாருங்கள். உலகிலேயே மிக அதிகமாக முந்திரிக்கொட்டை விளைவிக்கும் நாடு மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட். அங்கேயும் தான்சானியாவிலும் கினி-பிசாவிலும் விளைகிற கொட்டை, மூட்டை மூட்டையாகக் கப்பலேறித் தூத்துக்குடிக்கும் கொல்லத்துக்கும் வியட்நாமுக்கும் வருகிறது. இங்கே பெண்கள் உட்கார்ந்து உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரிக்கிறார்கள். கொட்டைக்கும் பருப்புக்கும் உள்ள விலை வித்தியாசம் முழுவதும் விளைந்த ஊருக்கு வெளியே தங்கிவிடுகிறது. ஐவரி கோஸ்ட் இப்போது சொந்த ஆலைகளில் உடைக்கும் அளவைக் கூட்டிக்கொண்டு வருகிறது. அது இங்குள்ள ஆலைகளுக்குச் சிரமம்தான். ஆனால் அவர்கள் செய்வது நியாயம்.

லுமும்பா யார்?

காங்கோவின் முதல் பிரதமர். 1960 ஜூனில் விடுதலை, 1961 ஜனவரி 17-ல் கொலை. பெல்ஜிய அதிகாரிகள் உடந்தையாக இருந்தார்கள். உடலை அமிலத்தில் கரைத்தார்கள். அதைச் செய்த பெல்ஜியப் போலீஸ்காரர் ஒருவர் தங்கம் பூட்டிய ஒரு பல்லை எடுத்து வைத்துக்கொண்டார். 2022 ஜூனில் பெல்ஜியம் அந்த ஒற்றைப் பல்லைக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தது. பிள்ளைகள் 61 வருடம் கழித்து அதைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

பிரெஞ்சு நாணயம் இன்னும் ஓடுகிறதாமே?

சி.எஃப்.ஏ. பிராங்க். 1945 டிசம்பரில் பிரான்ஸ் உருவாக்கியது, 14 நாடுகளில் இன்றும் செல்லும். ஒரு யூரோவுக்கு 655.957 என்று நிலையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். விலைவாசி அதிகம் ஏறாமல் இருப்பது அதன் நன்மை, அதை மறுக்க முடியாது. ஆனால் கடிவாளம் யார் கையில்? 1994 ஜனவரியில் ஒரே இரவில் மதிப்பைப் பாதியாகக் குறைத்தார்கள். காலையில் கடைக்குப் போனவர்களுக்கு இறக்குமதி மருந்தின் விலை இரட்டிப்பாகத் தெரிந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் 'எக்கோ' என்று புது நாணயம் கொண்டுவருவதாக 2019-ல் அறிவித்தன. தேதி தள்ளிக்கொண்டே போகிறது. இதற்கிடையில் மாலி, புர்க்கினா பாசோ, நைஜர் மூன்றும் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகத்தைவிட்டே 2025 ஜனவரியில் வெளியேறித் தனிக் கூட்டணியாக நிற்கின்றன. ஆள்வது ராணுவம். வல்லரசுகளை எதிர்த்து அவர்கள் பேசுகிற பேச்சு இளைஞர்களுக்கு இனிக்கிறது. அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. தேர்தலைத் தள்ளிவைக்கிறவர்களை நம்ப மட்டும் என்னால் முடியவில்லை.

தடையற்ற வணிக ஒப்பந்தம் போட்டார்களே, என்ன ஆயிற்று?

2018 மார்ச்சில் ருவாண்டாவின் கிகாலியில் 44 நாடுகள் கையெழுத்திட்டன. இப்போது எரித்ரியா தவிர எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டார்கள். 2021 ஜனவரி 1 முதல் வணிகம் தொடங்கியதாக அறிவித்தார்கள். செயலகம் அக்ராவில். ஆனாலும் ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வணிகம், மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கிறது. எல்லோரும் மூலப்பொருளை விற்றால் ஒருவர் மற்றவரிடம் எதை வாங்குவது?

கூட்டாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்குக் கொக்கோ நல்ல உதாரணம். கானாவும் ஐவரி கோஸ்டும் சேர்ந்து உலகக் கொக்கோவில் பாதிக்கும் மேல் விளைவிக்கின்றன. 2019-ல் இரண்டும் கைகோத்து, டன்னுக்கு 400 டாலர் கூடுதலாகத் தந்தால்தான் விற்போம், அது விவசாயிக்குப் போகும் என்று அறிவித்தன. வாங்குகிறவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் தரத்துக்காகத் தந்துவந்த வேறொரு தொகையைக் குறைத்து அதைச் சரிக்கட்டப் பார்த்தார்கள். முழு வெற்றி இல்லைதான். ஆனால் இரண்டு நாடுகள் சேர்ந்து விலை சொன்னதே பெரிய காரியம்.

ஓர் ஆப்பிரிக்கர் பக்கத்து நாட்டுக்குச் சுலபமாகப் போக முடியுமா?

இந்தக் கேள்விதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட முக்கியமானது. கண்டத்தின் பெரும் பணக்காரரான அலிகோ டாங்கோட்டேயே, தன் நைஜீரியப் பாஸ்போர்ட்டில் ஆப்பிரிக்காவைச் சுற்ற 35 விசா வாங்க வேண்டியிருக்கிறது, ஐரோப்பியர்களுக்கு அவ்வளவு சிரமம் இல்லை என்று 2024-ல் கிகாலியில் வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கே அப்படியென்றால், காய்கறிக் கூடையோடு எல்லை தாண்டுகிற பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவர் செக்போஸ்டில் கொடுக்கிற 'கைச்செலவு' எந்தக் கணக்கிலும் வராது.

தடையற்ற நடமாட்டத்துக்கான ஒப்பந்தத்தை 2018-ல் கொண்டுவந்தார்கள். 15 நாடுகள் உறுதிசெய்தால் போதும், அமலுக்கு வந்துவிடும். பல வருடங்கள் கழிந்தும் உறுதிசெய்தவை நான்கே நாடுகள். மாநாட்டில் கைதட்டி வரவேற்றவர்கள் ஊருக்குத் திரும்பிக் கையெழுத்துப் போடவில்லை. இதற்கு நடுவே ருவாண்டா, பெனின், காம்பியா, சீஷெல்ஸ் ஆகியவை எல்லா ஆப்பிரிக்கர்களுக்கும் விசா இல்லாமல் கதவைத் திறந்திருக்கின்றன. 2025 தொடக்கத்தில் கானாவும் சேர்ந்துகொண்டது.

ஆப்பிரிக்கர்களே ஆப்பிரிக்கர்களை விரட்டுகிறார்களே?

ஆமாம். வலிக்கிற உண்மை இது. 1969-ல் கானா பெருந்தொகையான நைஜீரியர்களை வெளியேற்றியது. 1983-ல் எண்ணெய் விலை விழுந்து வேலை போனபோது நைஜீரியா திருப்பிச் செய்தது. சுமார் பத்து லட்சம் கானாக்காரர்கள் சில வாரங்களுக்குள் கிளம்ப வேண்டியிருந்தது. கையில் கிடைத்ததைத் திணித்துக்கொண்டு போனது, நம் ஊர்ச் சந்தையிலும் விற்கிற அந்தச் சிவப்பு, நீலக் கட்டம் போட்ட பெரிய பிளாஸ்டிக் பைகளில். மேற்கு ஆப்பிரிக்காவில் அந்தப் பைக்கு இன்றும் 'கானா மஸ்ட் கோ' என்றுதான் பெயர், 'கானாவே வெளியேறு' என்று பொருள். சந்தையில் பெயர் சொல்லி விலை கேட்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் 2008-ல் நடந்த வன்முறையில் 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மொசாம்பிக், ஜிம்பாப்வேயிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பலர். நிறவெறி ஆட்சிக் காலத்தில் தென்னாப்பிரிக்கப் போராளிகளுக்குச் சோறும் இடமும் கொடுத்தவை அதே பக்கத்து நாடுகள். வேலை இல்லாத இளைஞனின் கோபம் ஆட்சியாளர்கள் பக்கம் போகாமல், பெட்டிக்கடை வைத்திருக்கும் பக்கத்து நாட்டுக்காரர் மேல் விழுகிறது. தலைவர்கள் அதைத் தணிக்காமல் ஓட்டுக்காகத் தூண்டிவிடும்போது இன்னும் மோசமாகிறது.

எந்த மொழியில் ஒன்றுபடுவார்கள்?

ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள இடம். ஒரே மொழி வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அது நல்லது. 2004-ல் மொசாம்பிக் அதிபர் ஜோவாகிம் சிசானோ ஒன்றிய மாநாட்டில் சுவாஹிலியில் உரையாற்றியபோது அரங்கில் பலர் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. ஒன்றியம் 2022-ல் சுவாஹிலியை அலுவல் மொழிகளில் ஒன்றாக ஏற்றது. கிழக்குக் கடற்கரையின் துறைமுகங்களில் வியாபாரிகள் வளர்த்த மொழி அது. வெளியிலிருந்து வந்த பேரரசின் மொழி இல்லை என்பதால் மற்றவர்கள் அதைக் கற்கத் தயங்குவது குறைவு.

தமிழர்களுக்கு இதில் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஒன்றியம் தொடங்கிய டர்பன் நகரத்தில், 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்களின் சந்ததியினர் இன்றும் வாழ்கிறார்கள். மொரீஷியஸ் ஒன்றியத்தின் உறுப்பு நாடு, அதன் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998-ல் வெளிவந்த நோட்டில் தமிழின் இடத்தைக் கீழே தள்ளியபோது அங்குள்ள தமிழர்கள் போராடி, பழைய வரிசையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவர்களும் ஆப்பிரிக்கர்கள்தான். இந்தியா தலைமையேற்ற ஜி-20 மாநாட்டில், 2023 செப்டம்பர் 9 அன்று டெல்லியில்தான் ஒன்றியத்துக்கு நிரந்தர இடம் கிடைத்தது.

நம் காலத்தில் ஒரே நாடாகிவிடுமா?

ஆகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒன்றுபடுவது வேறு வழிகளில் நடந்துகொண்டிருக்கிறது. சாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே சிருண்டுவில், முன்பு லாரி டிரைவர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை காகிதங்களை நீட்டி நாள்கணக்கில் நிற்பார். 2009-லிருந்து இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூரையின் கீழ் உட்காருகிறார்கள், ஒரு தடவை நின்றால் போதும்.

அதே ஜாம்பேசி ஆற்றின் மேல்பக்கம் கசுங்குலா என்று ஓர் இடம். போட்ஸ்வானா, சாம்பியா, ஜிம்பாப்வே, நமீபியா நான்கும் கிட்டத்தட்ட ஒரு புள்ளியில் நெருங்கும் இடம். போட்ஸ்வானாவுக்கும் சாம்பியாவுக்கும் அங்கே உள்ள பொது எல்லை மிகக் குறுகியது. லாரிகளைத் தெப்பப் படகில் ஒன்றிரண்டாக ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள், மீதி வரிசையில் நிற்கும். அங்கே 923 மீட்டர் நீளத்தில் ஒரு பாலம் கட்டி 2021 மே மாதம் திறந்தார்கள். சாலையும் ரயில் பாதையும் சேர்ந்தது. மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் ஆற்றின் நடுவே வில் மாதிரி வளைந்து போவது தெரியும். திட்டத்தில் ஜிம்பாப்வே சேராததால், அதன் நிலத்தைத் தொடாமல் இருக்க அப்படி வளைத்துக் கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு ஜிம்பாப்வே அதிபரும் வந்திருந்தார்.